காசு கொடுத்துக் கூடாரத்தில் படுத்த கதை



போன கிழமை போட்ட படங்களுக்குக் கீழே பாதிப்பேர் கேட்டது, "இது எந்த நாடு?" மீதிப்பேர் கேட்டது, "எவ்வளவு முடிஞ்சது?" இரண்டுக்கும் முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறோம். நாடு நம்முடையதுதான். கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறினால் நாலு மணித்தியாலத்துக்குள் அடிவாரத்தில் கால் வைத்துவிடலாம். பெயர் அலகல்ல மலை. செலவு, சாப்பாட்டோடு, தலைக்கு 3,000 ரூபாவுக்குள். கூடாரத்தின் விலை அதில் சேர்க்கப்படவில்லை. அதற்கு ஒரு தனிக் கதை இருக்கிறது. கொஞ்சம் நீளம், தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு வாருங்கள்.

நாங்கள் நால்வர். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இரண்டு வருடம் குளிரில் நடுங்கியவர்கள். அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பாடத்தைச் சொல்லித்தான். அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் எங்களில் ஒருவர் கணக்கு, ஒருவர் தமிழ், ஒருவர் பீ.டி., ஒருவர் வரலாறு. கணக்கும் வரலாறும் முஸ்லிம்கள், வெள்ளவத்தையில் இரண்டு ஒழுங்கை தள்ளிக் குடியிருக்கிறோம். தமிழ் கொட்டாஞ்சேனை, அந்தோனியார் கோயிலை விட்டால் வேறு உலகம் தெரியாத குடும்பம். பீ.டி. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, இப்போது கொழும்பில் படிப்பிக்கிறார். (இதை எழுதுவது வரலாறு. ஆனால் நால்வரும் வாசித்து, சண்டை பிடித்து, சம்மதித்த பிறகுதான் போடுகிறோம். அதனால் "நாங்கள்" என்றே இருக்கட்டும்.)

இந்தப் பயணம் உண்மையில் 2019 ஏப்ரல் 27ஆம் திகதி, சனிக்கிழமை, போயிருக்க வேண்டியது. அதற்காக நால்வரும் காசு போட்டு ஒரு கூடாரம் வாங்கினோம். கடும்பச்சை நிறம். கூடவே ஒரு சின்னக் கேஸ் அடுப்பு, நைலோன் கயிறு, இரண்டு டோர்ச், ஒரு கத்தி. எல்லாம் வரலாற்றின் வீட்டில், அலுமாரிக்கு மேலே.

21ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன நடந்தது என்று இந்த ஊருக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. தமிழின் வீட்டிலிருந்து கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் நடந்து போகிற தூரம். அவருடைய அம்மா அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தார். அதே ஒழுங்கையில் இன்னொரு வீட்டிலிருந்து பூசைக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை. அன்று இரவு ஊரடங்கு நேரத்தில் தமிழ் போன் எடுத்தார். எடுத்தவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "டேய், வெளிய வந்திராதீங்கடா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எங்களுக்கு வந்த முதல் போன் அதுதான்.

அதற்குப் பிறகு வந்த கிழமைகள் உங்களுக்கும் தெரியும். வீடு வீடாகச் சோதனை. சமையலறைக் கத்தி எத்தனை அங்குலம், அரபியில் எழுதியிருப்பது என்ன, இந்த சீடியில் என்ன இருக்கிறது. அந்த வருடம் ஜனவரியில்தான் வனாத்தவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்தில் வெடிமருந்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். பேப்பரிலும் டீவியிலும் "கேம்ப்" என்ற சொல் வந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது.

வாப்பா ஒரு நாள் இரவு அலுமாரிக்கு மேலே பார்த்தார். பச்சைக் கூடாரம், கயிறு, டோர்ச், கத்தி.

"இது என்னண்டு கேட்டா என்ன சொல்லப் போற?"

"கேம்பிங் சாமான் வாப்பா."

"கேம்பிங் எண்டு சொல்லப் போறியா? அந்த வார்த்தையை வாயால சொல்லப் போறியா?"

எல்லாவற்றையும் கறுப்புக் குப்பைப் பையில் போட்டுக் கட்டினார். விடியப்புறம் மாநகரசபை லொறி வருகிற நேரம் பார்த்து, யாரையும் தொட விடாமல் தானே மூன்று மாடி இறங்கிக் கொண்டுபோய் வைத்தார். ஒரு நாளும் விரித்துப் பார்க்காத கூடாரம். அவர் செய்தது பிழை என்று அன்றைக்கும் நாங்கள் நினைக்கவில்லை. ஆனால் களவெடுத்த சாமானைக் கொண்டு போகிறவர் போல அவர் சுவரோரமாகப் படியிறங்கினார். அந்தக் காட்சிதான் போக மாட்டேன் என்கிறது. வாப்பா மௌத்தாகி மூன்று வருடம். அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்குவானாக.

இந்த முறை, பெப்ரவரி 24, போயாவுக்கு மறுநாள். ரமழானுக்கு இரண்டரைக் கிழமை இருக்கிறது, அதற்குப் பிறகு நோன்பு, பெருநாள், தவணைப் பரீட்சை, மதிப்பெண் பதிவு என்று ஒருவருக்கும் நேரம் கிடைக்காது என்று கணக்குத்தான் கணக்குப் போட்டுச் சொன்னார். புதுக் கூடாரமும் அவர் தெரிவுதான். செம்மஞ்சள் நிறம், கண்ணைக் குத்துகிற செம்மஞ்சள். "பத்து மைலுக்கு அங்கால இருந்து பார்த்தாலும் தெரியணும் மச்சான். ஒளிச்சு வெச்சிருக்கோம்னு ஒருத்தனும் சொல்லக் கூடாது."

வெள்ளிக்கிழமை இரவு அதை ஹோலில் விரித்துச் சரிபார்த்தோம். சோபாவைத் தள்ளிவைத்து, கம்பிகளைக் கோர்த்து, பிள்ளைகள் உள்ளே போய்க் கூத்தடிக்கிற நேரம் மாமி அறையிலிருந்து வந்தார்.

"இதென்ன மருமகன்?"

"கூடாரம் மாமி. ஒரு ராவு மலையில படுக்கப் போறோம்."

"ஏன், வீட்டில என்ன குறை?"

"சும்மா, ஒரு ஆசைக்கு."

மாமி கிட்ட வந்து துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். "காசு குடுத்தோ கூடாரத்தில படுக்கப் போறியள்?"

மாமி யாழ்ப்பாணம் சோனகத் தெரு. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியாலம் தந்து வெளியேறச் சொன்னபோது, கைக்குழந்தையோடு வெளிக்கிட்டவர். அந்தக் கைக்குழந்தைதான் இன்றைக்கு எங்கள் வீட்டுக்காரி. புத்தளத்தில் முதலில் பள்ளிக்கூடத் தாழ்வாரம், பிறகு தறப்பாள், பிறகு கிடுகுக் கொட்டில். எத்தனை வருடம் என்று கேட்டால் வருடக் கணக்கில் சொல்ல மாட்டார், "மூண்டு பிள்ளைப்பேறு" என்பார். கூடாரத்தில் படுப்பதை விளையாட்டாக யாராவது செய்வார்கள் என்பது அவருக்கு விளங்கவே இல்லை. நாங்களும் விளங்கப்படுத்தப் போகவில்லை, வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் படுக்கப் போகுமுன் திரும்பி வந்து ஒன்று சொன்னார்: "சுத்திவரக் கான் வெட்டுங்கோ. மழைத் தண்ணி மேலால வராது, கீழாலதான் வரும்."

சனிக்கிழமை விடியச் சுபஹுத் தொழுதுவிட்டு 100ஆம் நம்பர் பஸ்ஸில் கோட்டைக்கு. ரம்புக்கனையில் இறங்கி, கண்டிக்குப் போகிற மெதுவான வண்டிக்கு மாறினோம். மூன்றாம் வகுப்பு, ஜன்னல் ஓரம், கடலை வடை. ரம்புக்கனைக்கு மேலேதான் ஏற்றம் தொடங்குகிறது. 1867இல் கண்டிக்கு ரயில் விட்ட அதே பாதை, மலையை வெட்டி, சுரங்கம் சுரங்கமாக.

பீ.டி. கேட்டார், "கேம்பிங்குக்குத் தமிழ்ல என்னாடா?"

தமிழ் யோசிக்காமலே, "முகாமிடல்" என்றார். சொன்ன பிறகு அவரே முகத்தைச் சுளித்தார்.

பாருங்கள், அந்தச் சொல்லுக்கு முன்னால் இந்த நாட்டில் என்னென்ன வந்து நிற்கிறது. இராணுவ முகாம். அகதி முகாம். தடுப்பு முகாம். பயிற்சி முகாம். சொல்லின் மீது பிழை இல்லை. அது அரபியிலிருந்து வந்தது, தங்குமிடம் என்று அர்த்தம். கஃபாவுக்கு முன்னால் இருக்கிற மகாமு இப்ராஹீமில் உள்ள அதே வேர்தான். எங்களுக்கு அது வந்து சேர்ந்த வழிதான் சரியில்லை. தமிழின் அம்மா கல்யாணமாகிய புதிதில், 83 ஜூலையில், பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் இருந்தவர். இத்தனை வருடப் பழக்கத்தில் அதை அவர் அன்றைக்குத்தான் எங்களிடம் சொன்னார், வடையைக் கடித்துக்கொண்டு, ஏதோ சொந்தக்காரர் வீட்டில் தங்கியதைப் போல.

"எங்களுக்கு முகாம் எல்லாம் இல்லப்பா," என்றார் பீ.டி. "லயம்தான்."

சிரித்தோம். பிறகு ரயில் சுரங்கத்துக்குள் போய்விட்டது.

இஹலகோட்டே சின்ன ஸ்டேஷன். இறங்கியவர்கள் நாங்களும் ஒரு பால்காரரும் மட்டும். அங்கிருந்து ஊருக்குள்ளால் பாதை ஏறுகிறது. வீடுகள், மிளகுக் கொடி, கித்துள், பலா. கடைசி வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெட்டிக்கடை. சாரம் கட்டிய ஒரு வயசாளி. பிளேன்டி கேட்டோம், ஊற்றித் தந்தார். எங்கிருந்து என்று கேட்டார், கொழும்பு என்றோம். கணக்கின் தாடியைப் பார்த்தார், பைகளைப் பார்த்தார். பிறகு மேசைக்குக் கீழேயிருந்து ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து வைத்து, அடையாள அட்டை கேட்டார்.

நால்வரின் கையும் ஒரே நேரத்தில் பொக்கெட்டுக்குப் போனது. இந்த நாட்டில் முப்பது வயது தாண்டிய, தமிழ் பேசுகிற ஆம்பிளைக்கு அது யாரும் சொல்லித்தரத் தேவையில்லாத பயிற்சி. அவர் ஒவ்வொன்றாக வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டு, பெயரும் நம்பரும் பார்த்துப் பார்த்து எழுதினார். ஏன் என்று தமிழ்தான் கேட்டார், எங்களில் நல்ல சிங்களம் அவருடையதுதான். ஒரு முறை சில பொடியன்மார் மேலே வழி தவறிவிட்டார்களாம். ஊரே விடிய விடிய டோர்ச் அடித்துத் தேடியதாம். அதற்குப் பிறகு போகிறவர்களை எழுதி வைக்கிறாராம். "வரும்போது சொல்லிட்டுப் போங்க, வெட்டிவிடுறேன்" என்றார்.

நியாயமான காரணம். ஆனாலும் ஏறத் தொடங்கி அரை மணித்தியாலம் நாங்கள் பேசியது அதைப் பற்றித்தான். பீ.டி. நம்பினார். கணக்கு நம்பவில்லை. "எங்கட பேரை எழுதும்போது பேனை மெதுவாப் போச்சு, பார்த்தியா?" தமிழ் சொன்னார், "அந்த மனுசனுக்குக் கண் தெரியல்ல, உனக்கு என்ன." வரலாறு இரண்டு பக்கமும் தலையாட்டியது, வழக்கம்போல.

ஏற்றம் நாங்கள் நினைத்ததை விடக் கடினம். முதலில் காடு, வேரைப் பிடித்து ஏறுகிற இடங்கள். பிறகு தலைக்கு மேலே உயர்ந்த மானாப்புல், வெட்டினால் கை கிழியும். அதற்கு மேலே பாறை. மாசி மாத வெயில் என்பதால் அட்டைத் தொல்லை இல்லை, ஆனால் குளவிக் கூடு கண்டோம், மூச்சு விடாமல் தாண்டினோம். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதீர்கள், இது கணக்குக்கு மட்டும் சொல்வதல்ல. தலைக்கு மூன்று லீற்றர் தண்ணீர் போதவில்லை. பீ.டி. ஒரு பையையும் மேலதிகமாகத் தூக்கிக்கொண்டு விசிலடித்தபடி முன்னால் போனார். நாங்கள் மூன்றாவது முறை குந்தியபோது திரும்பிப் பார்த்து, "எங்கம்மா நாப்பது வருசம் தெனமும் மலை ஏறுச்சு, கூடையோட. ஒருத்தனும் வந்து போட்டோ எடுக்கல" என்றார். கோபத்தில் சொன்னதா பகிடிக்குச் சொன்னதா என்று இன்னும் தெரியாது. அதற்குப் பிறகு யாரும் குந்தவில்லை.

உச்சி சுமார் 1,140 மீற்றர். பிதுருத்தலாகலைக்கு முன்னால் இது சின்னப் பிள்ளை. ஆனால் தாழ்நிலம் முடிந்து மலைநாடு தொடங்குகிற விளிம்பில் நிற்கிற பிள்ளை. தெற்கே பள்ளத்தாக்குக்கு அப்பால் பைபிள் ரொக், மேசை போல. கீழே புழுவளவில் ரயில். கிழக்கே பலன கணவாய். கண்டி இராச்சியத்தின் வாசற்படி அது. 1594இல் போர்த்துக்கேயப் படை இந்த வழியாகத்தான் கண்டிக்குப் போனது, தந்துறையில் அழிந்தது. வரலாறு இதைச் சொல்லத் தொடங்கியதும் மற்ற மூவரும் பிஸ்கட் பக்கட்டைத் திறந்தார்கள். ஆனாலும் உங்களுக்காவது சொல்கிறோம். படைகள் மட்டும் இந்த மலைகளில் ஏறவில்லை. கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் துணியும் சுமந்து ஏறி, பாக்கும் மிளகும் சுமந்து இறங்கிய தவள மாடுகளும் இப்படியான கணவாய்களால்தான் போயின. அந்த மாடுகளை ஓட்டியவர்களில் பெரும்பகுதி நம்மவர்கள். அரசனுடைய போக்குவரத்துப் பகுதிக்கு மடிகே என்று பெயர், மடிகே என்ற பெயரோடு முஸ்லிம் ஊர்கள் இன்றும் இருக்கின்றன. ஒரு காலத்தில் இந்த வழியில் எங்களைப் பார்த்து யாரும் வியந்திருக்க மாட்டார்கள்.

மாவனல்லைப் பக்கம் ஒரு குன்று, உதுவன்கந்தை. சரதியல் ஒளிந்திருந்த இடம். அவனுடைய உற்ற கூட்டாளி மம்மலே மரைக்கார். அவர்களைப் பிடிக்கப் போய் 1864 மார்ச் 21ஆம் திகதி சுடப்பட்டு இறந்த கான்ஸ்டபிள் சபான், மலாய் முஸ்லிம். பொலிஸார் தங்கள் வீரர் தினத்தை இன்றும் மார்ச் 21இல் நினைவுகூருவது அவரால்தான். சரதியலும் மரைக்காரும் அதே வருடம் மே 7ஆம் திகதி கண்டியில் தூக்கிலிடப்பட்டார்கள். துப்பாக்கியின் இரண்டு முனையிலும் நம் பெயர்கள். பிள்ளைகளுக்குப் பாடத்தில் சரதியலைச் சொல்கிறோம், மற்ற இரண்டு பெயரையும் சொல்ல மறந்துவிடுகிறோம். வரலாறு உட்பட.

கூடாரம் அடித்தோம். மாமி சொன்னபடி கான் வெட்டினோம், கோப்பையாலும் கையாலும். வானத்தில் ஒரு மேகம் இல்லை, தமிழ் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் ஏழு சிங்களப் பொடியன்மார் வந்து, எங்களிடமிருந்து ஐம்பது அடி தள்ளிக் கூடாரம் அடித்தார்கள். கிட்டார், ஸ்பீக்கர், நல்ல சிரிப்பு. சூரியன் கொழும்புப் பக்கம் இறங்கியது. கணக்கு எழுந்து நின்று, காதில் கை வைக்காமல், பக்கத்தில் நிற்கிறவருக்கு மட்டும் கேட்கிற குரலில் அதான் சொன்னார். இரகசியம் சொல்வது போல. ஜமாஅத் என்பது இருவர்தான். தொழுது முடித்துத் திரும்பியபோது தமிழ் கேட்டார், "ஏன்டா அவ்வளவு மெல்ல? பத்தனையில நீ சொன்னா ஹட்டன் வரைக்கும் கேக்குமே." கணக்கு சட்டியில் நூடில்ஸ் போட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்லவில்லை. அந்தப் பொடியன்மார் எங்களை ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் மாட்டார்கள். இரவு லைட்டர் கேட்டு வந்தார்கள், ரின்மீன் கறி கொஞ்சம் வாங்கிப் போனார்கள். பயம் அவர்களிடமிருந்து வரவில்லை. நாங்கள் கொழும்பிலிருந்து பையில் போட்டுக் கொண்டு வந்தது அது.

நிலாவைப் பற்றி எழுதப் போவதில்லை, படத்தில் பாருங்கள்.

இரவு இரண்டு மணிக்கு மழை. எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அரை மணித்தியாலம் கொட்டித் தீர்த்தது. டோர்ச் அடித்துப் பார்த்தால் கூடாரத்தைச் சுற்றி ஆறு ஓடுகிறது. மாமியின் கான் வழியாக ஓடி, பாறை விளிம்பால் கீழே விழுகிறது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. பக்கத்தில் கூச்சல். பொடியன்மாரின் படுக்கை எல்லாம் மிதக்கிறது. மூன்று பேர் எங்கள் கூடாரத்துக்குள் வந்துவிட்டார்கள். நால்வர் படுக்கிற இடத்தில் ஏழு பேர் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தோம், விடியும்வரை. உங்களுக்குக் கான் வெட்டச் சொல்லித் தந்தது யார் என்று ஒருவன் கேட்டான். "மாமி" என்றோம். மாமி கேம்பிங் போவாரா என்று கேட்டான். தமிழ் எங்களைப் பார்த்தார். "ஓம், கன காலம் போனவர்" என்று சிங்களத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

சுபஹுக்குக் கணக்கு சொன்ன அதான், நேற்றையதை விடக் கொஞ்சம் கேட்டது. இடமில்லாததால் வெளியே ஈரப் பாறையில் தொழுதோம். காலையில் கானை மூடி, மண்ணை மிதித்து, எங்கள் குப்பையோடு முன்பு வந்தவர்கள் விட்டுப்போன போத்தல்களையும் ஒரு பை நிறையக் கட்டி இறங்கினோம். ("மலையைத் தோண்டலாமா" என்று கமெண்ட் போட நினைத்தவர்கள் கவனிக்கவும்.)

பெட்டிக்கடையில் வயசாளி எங்களைக் கண்டதும் கொப்பியை எடுத்தார். "ஹதரதெனெக் கியா, ஹதரதெனெக் ஆவா." நாலு பேர் போனார்கள், நாலு பேர் வந்தார்கள். கோடு போட்டு வெட்டினார். அப்போதுதான் அந்தப் பக்கத்தை முழுதாகப் பார்த்தோம். உண்மையில் எல்லோரையும்தான் எழுதியிருக்கிறார். கம்பஸ் பிள்ளைகள், ஒப்பீஸ்காரர்கள், திகதி திகதியாக. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெயர், ஒரு போன் நம்பர், எத்தனை பேர் என்ற எண்ணிக்கை. எங்களுக்குக் கீழேயே அந்தப் பொடியன்மார்: ஒரு பெயர், ஒரு நம்பர், 7. எங்களுக்கு மட்டும் நாலு பெயர், நாலு அடையாள அட்டை நம்பர்.

நாங்கள் பார்ப்பதை அவரும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்த் தேத்தண்ணியும் கித்துள் கருப்பட்டித் துண்டும் கொண்டு வந்தார். தேத்தண்ணிக்குக் காசு எடுத்தார், கருப்பட்டிக்கு எடுக்கவில்லை, எவ்வளவு சொல்லியும். பொடியன்மார் நனைந்ததைச் சொன்னோம். உண்மையாகவே கவலைப்பட்டார், மேலே ஒருவருக்கும் காய்ச்சல் இல்லையே என்று இரண்டு முறை கேட்டார். ரம்புக்கனை வரை இதைப் பற்றி வாதாடினோம். பீ.டி.யும் கணக்கும் இன்னும் பேசித் தீர்க்கவில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: மழைக்காலத்தில் வேண்டாம். வெள்ளாப்பில் ஏறத் தொடங்குங்கள். நெருப்பு மூட்டாதீர்கள், மானாப்புல் காய்ந்திருந்தால் மலையே பிடித்துவிடும். ஊருக்குள் போகும்போது ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் கேட்கிற "எங்கட முறை எப்ப?" என்ற கேள்விக்கு இன்னும் பதில் இல்லை, பெருநாளுக்குப் பிறகு பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஈரக் கூடாரத்தை மொட்டை மாடியில் விரித்துக் காயவைத்தோம். கடற்காற்றுக்கு அது பலூன் மாதிரி ஊதிக்கொண்டு நின்றது, மெரின் டிரைவில் போகிறவர்களுக்கும் தெரிந்திருக்கும். மாமி மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"கான் வெட்டினியளோ?"

"வெட்டினோம் மாமி. ராவு நல்ல மழை."

"சொன்னன்தானே."

குனிந்து உள்ளே பார்த்தார். பிறகு வாசலில் இருந்த சிப்பைக் கண்டு, அதை மேலே இழுத்தார், கீழே இழுத்தார், இன்னொரு முறை மேலே இழுத்துப் பார்த்தார்.

"கதவு இருக்கு" என்றார்.